தலைச்சன் தீவுக்கு

2001 ஜூன் 3, ஞாயிறு

மாவு ஆட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. பாதி ஆடிய அரிசி கிரைண்டரிலேயே கிடந்தது. அந்த எரிச்சலில் நான் இருக்கும்போதுதான் இவர் டெலிபோன் பூத்திலிருந்து திரும்பி வந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் முன்னறை ஜன்னலை அளக்க ஆரம்பித்தார்.

"சம்பந்தியம்மா பேசினாங்க. அடுத்த மாசம் வளைகாப்பு. முடிச்ச கையோட வான்மதியை அனுப்பி வைக்கிறாங்களாம். இந்த அறைக்கு வெள்ளை அடிச்சிரலாம் கோதை. ஜன்னலுக்குத் திரை போடணும்."

"கோத்தகிரியிலயே பிரசவம் பாத்துக்கலாமே" என்றேன்.

சிரித்தார். நான் ஏதோ வேடிக்கையாகச் சொன்னதுபோல. "தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடுதான். விருதுநகர்ல பொறந்த உனக்கு நான் சொல்லித் தரணுமா?"

சொல்லித் தர வேண்டாம். அந்த வழக்கம் எனக்கு மிக நன்றாகத் தெரியும்.

மாவைக் கையால் வழித்து எடுத்தேன். புளிக்காது என்று தெரிந்தும் உப்புப் போட்டு மூடி வைத்தேன்.

ஜூன் 5

இவர் சுண்ணாம்பு வாங்கிவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் இந்த வீட்டில் நான் கேட்ட எதுவும் இரண்டே நாளில் வந்ததில்லை.

ஜூன் 9, சனி

செல்லக்கிளிக்கு வலி கண்டது. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வீரமணியின் மனைவி. எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. வயது பத்தொன்பது. எட்டாம் மாதம்தான் நடக்கிறது. வீரமணி தோட்டத்தில் இருந்தான். அவளை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன்.

குழந்தை இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு இருந்தது. ஆண். மத்தியானம் வரை மூச்சு இருந்தது.

டாக்டர் நஸ்ரின் கோபமாக இருந்தாள். நாகூர்ப் பெண். போர்ட் பிளேருக்கும் அப்பால் கிடக்கும் இந்தத் தீவுக்கு வந்து ஆறு மாதம் ஆகவில்லை. வந்த மாதமே இரண்டு முறை குளிர்காய்ச்சலில் கிடந்தாள். எங்கள் ஆட்கள் பந்தயம் கட்டிச் சிரித்தார்கள். "புது ஆபீசருக்கு முதல் மாசம் குளிர், ரெண்டாம் மாசம் டிரான்ஸ்பர்" என்பது இங்கே பழைய நக்கல். இலங்கையிலிருந்து கப்பலில் கொண்டுவந்து இந்த ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்களுக்குப் பெருமைப்பட்டுக்கொள்ள அதிகம் இல்லை. காய்ச்சல் தங்களை ஒன்றும் செய்யாது என்பது ஒரு பெருமை.

பிள்ளைக்குப் பின்னால் வந்த நஞ்சை டாக்டர் ஒரு தட்டில் வைத்துக் கத்தியால் கீறினாள். கறுத்துப்போய் இருந்தது. ஒரு துண்டைக் கண்ணாடிச் சில்லில் ஒற்றி எடுத்துவைத்தாள். எதற்கு என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

வெளியே பெண்கள் கூடியிருந்தார்கள். யாரும் அழவில்லை. தலைச்சனுக்கு இங்கே சத்தம் போட்டு அழமாட்டார்கள்.

"தலைச்சன் தீவுக்குன்னு நெனச்சுக்க கிளி. அடுத்தது நிக்கும். எனக்கு நிக்கலியா? இவளுக்கு நிக்கலியா?"

ஆளாளுக்குத் தங்கள் கணக்கைச் சொன்னார்கள். சந்தையில் விலை சொல்வதுபோல.

ஜூன் 10, ஞாயிறு

நேற்று சாயங்காலமே வீரமணி தன் வீட்டுக்குப் பின்னால் தென்னங்கன்று வைத்துவிட்டான். போன தலைச்சனுக்கு ஒரு தென்னை. அதுதான் இங்கே வழக்கம். தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் பின்னால் நடந்து போனால் வரிசையாக நிற்கும். வெளியிலிருந்து வரும் அதிகாரிகள் "எவ்வளவு அழகு" என்பார்கள்.

காலையில் பாத்திரம் துலக்கும்போது திடீரென்று உறைத்தது. தேங்காய் முளைவிட மாதக்கணக்கில் ஆகும். வீரமணி வைத்தது இரண்டு ஓலை விட்ட கன்று. அப்படியானால் செல்லக்கிளிக்கு வயிறு தெரியத் தொடங்கியபோதே தேங்காயை மூலையில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

எனக்கு இது தெரியாதது இல்லை. எல்லோரும் செய்வதுதான். நேற்று வரை எனக்கு உறைத்ததில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் ஒன்று நிற்கிறது. அதன் காயை நான் சமையலுக்கு எடுப்பதில்லை. இவர் காரணம் கேட்பதில்லை.

ஜூன் 14, வியாழன்

பள்ளி முடிந்து டாக்டரைப் பார்க்கப் போனேன். வயிற்றுவலி என்று பொய் சொல்லத் தயாராகப் போனேன். தேவைப்படவில்லை. அவளே என்னை உட்காரவைத்து மைக்ராஸ்கோப்பைத் திருப்பினாள்.

"நீங்க சயின்ஸ் டீச்சர்தானே? பாருங்க. இது செல்லக்கிளியோட நஞ்சு."

பார்த்தேன். கிருமிகள் மொய்த்துக் கிடந்தன. இடையிடையே கரி அள்ளித் தூவியதுபோலத் திட்டுகள்.

"இப்ப இதைப் பாருங்க. அதே நாள் அவ விரல்ல குத்தி எடுத்தது."

ஒன்றுமில்லை. சுத்தமான ரத்தம்.

"ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணி மலேரியா இல்லைன்னு எழுதினேன் டீச்சர். என் கையாலயே."

"அவளுக்குக் காய்ச்சலே வரலையே டாக்டர்."

"வராது. இங்கயே பொறந்து வளர்ந்த உடம்பு. சின்ன வயசுலேர்ந்து சண்டை போட்டுப் பழகினது. ஆனா கர்ப்பம் ஆனதும் அந்தக் கிருமிக்கு உடம்புக்குள்ள புதுசா ஒரு வீடு கிடைக்குது. இந்த நஞ்சு. இங்க வந்து ஒட்டிக்கிற கிருமியோட சண்டை போட அந்த உடம்புக்குத் தெரியாது. முதல் கர்ப்பத்துலதான் அதை முதமுதலாப் பாக்குது. பிள்ளைக்குப் போக வேண்டியது போகாது. அடுத்த கர்ப்பத்துல கொஞ்சம் தெரியும். அதுக்கடுத்ததுல இன்னும் கொஞ்சம்."

"அதான் ரெண்டாவது நிக்குதா?"

"முதல்ல உடம்பு கத்துக்கிட்டதால நிக்குது."

"யாரைக் கொடுத்துக் கத்துக்குது?"

டாக்டர் சின்னப் பெண். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"வெளியூர்லேர்ந்து கல்யாணமாகி வர்ற பொண்ணுன்னா இன்னும் மோசம். அவ உடம்புக்கு எந்தச் சண்டையும் தெரியாது. உயிருக்கே ஆபத்தாக் காய்ச்சல் வரும்."

"தெரியும்" என்றேன்.

எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. நானே அடுத்ததைக் கேட்டுவிட்டேன். "இங்க பொறந்து, மூணு வருஷம் வெளிய இருந்துட்டு, தலைப்பிரசவத்துக்குத் திரும்பி வந்தா?"

"பழைய பழக்கமும் குறைஞ்சிருக்கும். முதல் கர்ப்பம் வேற. மாத்திரை தரலாம், கொசுவலை தரலாம். ஆனா இந்தப் பக்கம் அந்த மாத்திரைக்குக் கேக்காத காய்ச்சலும் வருது. யார் டீச்சர் அது?"

இருபது வருடமாகக் கரும்பலகையில் மலேரியாக் கிருமியின் அந்த வட்டத்தை வரைகிறேன். கலர் சாக்பீஸில் கொசு, கல்லீரல், சிவப்பணு, மறுபடி கொசு. பிள்ளைகள் அழகாகப் பார்த்து வரைவார்கள். ஐந்து மதிப்பெண். அந்த வட்டத்தில் நஞ்சுக்கு இடமே இருந்ததில்லை. அந்தப் பாடம் முழுக்க வருகிற ஒரே பெண் அனாபிலஸ் கொசுதான்.

ஜூன் 15, வெள்ளி

சொன்னேன். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து சொன்னேன். டாக்டர் காட்டியது எல்லாவற்றையும் சொன்னேன்.

இவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அவ இந்த மண்ணுல பொறந்தவ கோதை. பத்து வயசு வரைக்கும் மாசம் தவறாம குளிர்காய்ச்சல் பாத்தவ. அவளைக் கடிச்சா கொசுவுக்குத்தான் காய்ச்சல் வரும்" என்றார்.

"செல்லக்கிளியும் இந்த மண்ணுல பொறந்தவதான்."

"அது சத்தில்லாத பொண்ணு."

"போன வருஷம் வேலுவோட பொண்டாட்டி?"

"அவ மாடிப்படியில விழுந்தா."

"அதுக்கு முந்தின வருஷம் கணக்குப்பிள்ளை மக?"

"அவ ஜாதகம் அப்படி."

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். ஒருத்திக்குச் சத்தில்லை, ஒருத்தி விழுந்தாள், ஒருத்திக்குக் கிரகம். இத்தனை காரணங்களையும் ஒரே இடத்தில் குவித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்.

நான் கேட்க நினைத்த நாலாவது பெயரைக் கேட்கவில்லை. அதற்கு என்ன காரணம் வைத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது.

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "வெள்ளை அடிச்சது காய்ஞ்சிருச்சா பாரு" என்றார்.

ஜூன் 17, ஞாயிறு

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

துணி காயப்போடப் பின்னால் போனேன். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நிழலில், ஈரச் சாக்கு போர்த்தி ஒரு தேங்காய். முளை விட்டிருந்தது.

தெய்வானை மதினி வீட்டுக்குப் போனேன். இவருடைய அக்கா. அடுத்த வீடுதான். என் மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டதால் இரண்டு வீட்டுக்கும் மதினிதான் எஜமானி. வாசலில் உட்கார்ந்து கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுடைய புது மருமகள் சுபாஷினி பக்கத்தில் இருந்தாள். தென்காசிப் பெண். வைகாசியில்தான் கல்யாணமாகி வந்தாள்.

"எங்க வீட்டுப் பின்னால தேங்கா வச்சது யாரு?"

"நான்தான். மூணு மாசத்துக்கு முன்னாலயே வச்சிட்டேன். எதுக்கு இப்படி மூச்சிரைக்க வார?"

"யாருக்கு வச்சீங்க?"

"சும்மா வழக்கத்துக்குத்தான்டி. பிள்ளை நல்லபடியா நின்னா அந்த முளையை உடைச்சு எல்லாரும் தின்னுட்டுப் போறோம்."

"தேங்கா எதுக்கு அத்தை?" என்று சுபாஷினி கேட்டாள். மதினி அவளைப் பார்க்காமல், "நீ போயி அடுப்பைப் பாரு" என்றாள்.

வான்மதி இங்கே வரப்போவதில்லை என்று சொன்னேன். மதினி கருவாட்டைக் கீழே வைத்தாள்.

"பெத்த மகளை வராதேங்கற தாயை இப்பத்தான் பாக்கேன். கோத்தகிரிக்காரி என்ன நினைப்பா? மக பிரசவத்துக்குக் கஞ்சி ஊத்த வக்கில்லாத வீடுன்னு நினைக்க மாட்டாளா? காலேஜு படிச்ச திமிரு உனக்கு. அந்த நாகூர் டாக்டரு குளிர்ல நடுங்கினவ, அவளுக்கு நம்ம உடம்பைப் பத்தி என்ன தெரியும்?"

திரும்பி வந்தேன். அரிவாளை எடுத்து அந்தத் தேங்காயைப் பிளந்தேன். உள்ளே பெரிய பூ. மஞ்சளாக, பஞ்சுபோல. நின்றுகொண்டே முழுவதையும் தின்றேன். இனித்தது. அதுவும் கோபத்தைத்தான் கிளப்பியது.

ஜூன் 22, வெள்ளி

பூத்தில் எனக்கு முன்னால் நாலு பேர், பின்னால் ஆறு பேர். கதவு என்று பெயருக்கு ஒரு தட்டி. உள்ளே பேசுவது வெளியே நிற்பவருக்குத்தான் தெளிவாகக் கேட்கும்.

"வான்மதி, நீ அங்கயே இரு. நான் வந்து பாத்துக்கறேன்."

"இங்க எப்படிம்மா? அத்தை ஏற்கெனவே, உங்கம்மா ஏன் வாயே திறக்கலைன்னு கேக்கறாங்க."

"கடல் மோசமா இருக்கும். அலை."

"நான் கப்பல்ல பொறக்காத குறை. அலையைச் சொல்றியா?" குரலைத் தாழ்த்தி, "நான் வர்றது உனக்குப் பிடிக்கலையாம்மா?"

பின்னால் நின்ற ஆறு பேரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

"அலைதான்" என்றேன்.

போனை வைத்துவிட்டாள்.

ஜூன் 23

மூளை இல்லாதவளா நான்? அலையாம்.

ஜூலை 2, திங்கள்

கோத்தகிரியில் ஆஸ்பத்திரி பக்கத்தில் ஒரு அறை எடுத்து நானே தங்கிப் பிரசவம் பார்ப்பதாகச் சம்பந்தியம்மாவிடம் சொன்னேன். நல்ல மனுஷி. கோபத்தைக்கூட மரியாதையாகத்தான் சொன்னார்.

"எங்க ஊர்ல வந்து வாடகை வீட்ல பிரசவமா? நாங்க செத்தா போயிட்டோம் சம்பந்தி? தாய்வீட்டுக்கு அனுப்பாம மருமகளை அடைச்சு வச்சோம்னு என்னைத்தான் பேசுவாங்க. ஏதாவது பிரச்சினைன்னா சொல்லுங்க. இல்லேன்னா முறையைச் செய்ங்க."

பிரச்சினை என்று சொல்லியிருக்கலாம். இவர் என் பக்கத்தில் நின்று, ரிசீவரைப் பிடித்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தீவில் தலைச்சன் தங்குவதில்லை என்று பெண் கொடுத்த வீட்டில் எப்படிச் சொல்வது? பெண் எடுக்க வந்தபோதே ஏன் சொல்லவில்லை என்பார். அதற்கும் அவர் சொல்வதுதான் நியாயமாக இருக்கும்.

ஜூலை 12, வியாழன்

வளைகாப்பு ஞாயிறன்று நடந்துவிட்டது. மாப்பிள்ளை கோகுலுக்கு லீவு கிடைக்காததால் அவன் சித்தப்பா குடும்பத்தோடு வான்மதி சென்னையிலிருந்து கப்பல் ஏறுகிறாள். போர்ட் பிளேர் வரை அவர்கள் துணை. அங்கிருந்து இங்கே வரும் சின்னக் கப்பலுக்கு யாராவது போய்க் கூட்டி வரவேண்டும்.

"நான் போறேன்" என்றேன்.

இவர் முகம் மலர்ந்துவிட்டது. "இப்பத்தான் நீ பழைய கோதை" என்றார். பையில் முறுக்கும் எள்ளுருண்டையும் வைத்தார். மதினிகூட வந்து, "பாத்துக் கூட்டிட்டு வா" என்று திருநீறு பூசிவிட்டாள்.

பள்ளியில் மூன்று மாதம் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது இவருக்குத் தெரியாது.

ஜூலை 20, வெள்ளி. போர்ட் பிளேர்

கை நிறைய வளையலோடு இறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. மூன்று நாளும் வாந்தியாம். கோகுலின் சித்தப்பா குடும்பம் விடைபெற்றுக்கொண்டு போனதும் அவளை ஆட்டோவில் ஏற்றினேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரத்தில், என் பழைய மாணவி ஒருத்தியின் மாடி வீட்டில் ஒரு அறை பேசி வைத்திருந்தேன்.

உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டாள். "நம்ம தீவுக்குக் கப்பல் எப்பம்மா?"

"உனக்குக் கப்பல் இல்லை."

"நாளைக்கா?"

"நாளைக்கும் இல்லை. பிள்ளை பொறந்த பிறகு பாக்கலாம்."

எல்லாவற்றையும் சொன்னேன். செல்லக்கிளியின் நஞ்சு, விரலில் இல்லாத கிருமி, முதல் கர்ப்பம். பூத்தில் நிற்கும் ஆறு பேர் இல்லாத அறையில் சொற்கள் தடையில்லாமல் வந்தன. பிறகு மற்றதையும் சொன்னேன். கல்யாணமாகி வந்த முதல் வருடம். ஏழாம் மாதத்தில் விருதுநகருக்குப் போகவேண்டும் என்று கேட்டேன். அங்கே என் அம்மா இருந்தாள், ஆஸ்பத்திரி இருந்தது, இந்தக் காய்ச்சல் இல்லை. போக விடவில்லை. பிள்ளைத்தாய்ச்சி கடல் தாண்டக் கூடாது என்றார்கள். அடுத்த மாதமே எனக்குக் குளிர்காய்ச்சல். நினைவில்லாமல் கிடந்தேன். பிழைத்தேன். அவன் இரண்டு நாள் இருந்தான்.

இன்றைக்கு நீ கடல் தாண்டி வரலாமாம். வந்தே தீரவேண்டுமாம். போயிருந்தால் பிள்ளை பிழைத்திருக்கக்கூடிய எனக்கு அந்த வழக்கம் கிடையாது. வந்தால் ஆபத்து என்கிற உனக்கு அதே வழக்கம். இதைச் சொல்லும்போது நான் கத்திவிட்டேன். கீழ் வீட்டில் ரேடியோவை நிறுத்தினார்கள்.

வான்மதி அழவில்லை. "அண்ணன் ஒருத்தன் செத்தது எனக்குத் தெரியும்மா. எல்லார் வீட்லயும் தென்னை இருக்கே" என்றாள்.

"எல்லார் வீட்லயும் இருக்குன்னுதான்டி சொல்றேன்."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

ஜூலை 21, சனி

இன்று அவள் முறை.

"இதை போன்ல சொல்லியிருந்தா நான் கோத்தகிரியை விட்டே கிளம்பியிருக்க மாட்டேன். இத்தனை நாள் கடல்ல உருண்டு வந்திருக்கேன். அலைன்னு சொன்னியேம்மா."

"பூத்துல எல்லாரும் கேட்டுக்கிட்டு நின்னாங்க."

"கேட்டா என்ன? அவங்களுக்குத் தெரியாததா?"

ஊருக்கே தெரிந்த ஒன்றை ஊருக்குக் கேட்காமல் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

அவளே பூத்துக்குப் போய்க் கோகுலிடம் பேசினாள், பிறகு அவன் அம்மாவிடம். கதவை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். சம்பந்தியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அங்கயே இரு கண்ணு. நானும் வந்துடறேன்" என்றாராம்.

அவர்மேல் ஒரு மாதமாக நான் பட்ட கோபத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. வேறு ஆளுக்கு மாற்றிவைத்தேன்.

ஆகஸ்ட் 11, சனி

இவர் வந்தார். கையில் கொசுவலை. கப்பலில் மூன்று வாரத்துக்கு முன்பே வந்திருக்கலாம், கோபத்தில் வரவில்லை. வான்மதியிடம் சிரித்துப் பேசினார். என்னிடம் பேசவில்லை. சாயங்காலம் கடற்கரைப் பக்கம் நடக்கும்போது தானாகவே ஆரம்பித்தார்.

"நான் அன்னைக்கு டிக்கெட் எடுத்திருந்தேன் கோதை."

"என்னைக்கு?"

"உனக்கு. விருதுநகர் போக. எடுத்து சட்டைப் பையிலயே வச்சிருந்தேன். அக்காதான் திருப்பிக் குடுக்கச் சொல்லிச்சு."

இதை எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார். இருபத்திரண்டு வருடம் தனக்குள்ளேயே வைத்திருந்து, இன்று எடுத்து நீட்டுகிறார்.

இத்தனை காலமும் இவர் டிக்கெட்டே எடுக்கவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அங்கேயே விட்டுவிட்டு அறைக்குத் திரும்பினேன். சாப்பாடு மட்டும் போட்டேன்.

செப்டம்பர் 28, வெள்ளி

பெண் குழந்தை. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பிறந்த உடனே என்ன சத்தம்! அப்படியே கத்து, நன்றாகக் கத்து என்றேன்.

நஞ்சைக் காட்டச் சொன்னேன். நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எதுக்கும்மா?" என்றாள். பார்க்கவேண்டும் என்றேன். தட்டோடு கொண்டுவந்து நீட்டினாள். சிவந்து, பளபளப்பாக, எங்கேயும் கருப்பே இல்லாமல். சம்பந்தியம்மாவும் என்னோடு நின்று எட்டிப் பார்த்தார். "நல்லாருக்கா?" என்றார். நல்லாருக்கு என்றேன்.

அதைப் பார்த்துத்தான் அழுதேன். குழந்தையைப் பார்த்து அல்ல.

அக்டோபர் 14, ஞாயிறு

வான்மதியும் குழந்தையும் சம்பந்தியம்மாவோடு இன்னும் கொஞ்ச நாள் போர்ட் பிளேரில் இருந்துவிட்டுக் கோத்தகிரிக்குப் போகிறார்கள். பள்ளி லீவு முடிந்ததால் நான் தீவுக்கு வந்தேன்.

வரவேற்பு பிரமாதம். கரையிலேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

"என்ன டீச்சர், பிள்ளை ஜம்முனு இருக்காமே? இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?"

"ஒண்ணும் ஆகலியே. சும்மா பயந்து ஊரைக் கூட்டினீங்க."

"இங்க பொறந்திருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும். வான்மதி உடம்பு அப்படி."

ஒன்றும் நடக்காததை யாருக்கும் காட்ட முடியாது. செத்த பிள்ளைக்குக் காரணம் கேட்கமாட்டார்கள். பிழைத்த பிள்ளைக்கு என்னிடம் ஆதாரம் கேட்கிறார்கள்.

முன்னறையைத் திறந்தேன். வெள்ளை அடித்த வாசனை இன்னும் போகவில்லை. திரையைக் கழற்றி மடித்து வைத்தேன். இவரோடு தேவைக்கு மட்டும் பேசுகிறேன். கேட்டால் பதில். அவ்வளவுதான்.

அக்டோபர் 21, ஞாயிறு

மத்தியானம் தெய்வானை மதினி பின்வாசல் வழியாக வந்தாள். எப்போதும் முன்வாசலில் குரல் கொடுத்துக்கொண்டுதான் வருவாள்.

"கறிவேப்பிலை இருக்கா?"

அவள் வீட்டில் மரமே இருக்கிறது. நான் எழுந்திருக்கவில்லை. அவளும் போகவில்லை. அடுக்களைப் படியில் உட்கார்ந்தாள்.

"சுபாஷினி குளிச்சு ரெண்டு மாசம் ஆச்சு."

"சந்தோஷம்."

"அவ ஒரே பிடிவாதம். செல்லக்கிளி வீட்டுப் பக்கம் போயிட்டு வந்து, அந்தத் தேங்கா எதுக்குன்னு எனக்குத் தெரியும் அத்தை, நான் தென்காசிக்குப் போறேங்கறா. ரெண்டு நாளா சோறு திங்கல."

மதினி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த டாக்டரு என்னதான் சொன்னா?"

"உங்க தலைச்சன் என்ன பிள்ளை மதினி?"

எதற்குக் கேட்கிறேன் என்பதுபோல நிமிர்ந்தாள். இந்த வீட்டில் அதை யாரும் யாரையும் கேட்டதில்லை.

"பொட்டப்பிள்ளை" என்றாள். கொஞ்சம் கழித்து, "தலை நெறைய முடி" என்றாள்.

அப்போதே விட்டிருக்கலாம். விடமுடியவில்லை.

"எனக்கு எடுத்த டிக்கெட்டை ஏன் திருப்பிக் குடுக்கச் சொன்னீங்க?"

முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ரொம்ப நாளாகவே இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவள்போல இருந்தாள். "கடல்ல ஏதாவது ஆயிட்டா என் தலையிலதானே விடியும்னு பயம். அதுதான் எல்லார்கிட்டயும் சொன்னது." தரையைப் பார்த்தாள். "நாங்கல்லாம் இங்க கிடந்துதானே பெத்தோம். எங்களை எந்தத் தாய்வீடு கூப்பிட்டுச்சு? எங்களுக்கில்லாதது இவளுக்கு மட்டும் என்னத்துக்குன்னு இருந்துச்சு. அதுவுந்தான்."

ஓங்கி அறைந்திருப்பேன். கை எழவில்லை. இதுவரை எனக்கு யாரும் இவ்வளவு நேராகப் பதில் சொன்னதில்லை என்பதும் ஒரு காரணம்.

டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். கடைசிவரை கேட்டாள். வெளியிலிருந்து வந்த பெண்ணுக்கு இன்னும் மோசம் என்பதை இரண்டு தடவை சொன்னேன். எழுந்து நின்று சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"அடுத்த கப்பல் எப்ப?"

அந்த நாட்களில் நான் ஒவ்வொரு வாரமும் இவளிடம் கேட்ட கேள்வி. இருபத்திரண்டு வருடம் கழித்து என்னிடம் கேட்கிறாள்.

"வியாழக்கிழமை" என்றேன்.

அக்டோபர் 23, செவ்வாய்

பள்ளி இடைவேளையில் கப்பல் ஆபீசுக்குப் போய் நானே டிக்கெட் எடுத்தேன். மதினி வாசலில் நின்று கையை நீட்டினாள். அவளிடம் தரவில்லை. உள்ளே போய்ச் சுபாஷினி கையில் வைத்து, விரலை மடக்கி மூடிவிட்டு வந்தேன்.